நாணயம் தூக்கும் காற்றாலை: விசையையும் காற்றின் ஆற்றலையும் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஒரு செய்முறை

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டு தவறாமல் ஒரு காற்றாலை மாதிரி இடம்பெறும். தெர்மாகோல் பலகையில் பச்சைத் தாள் ஒட்டி, வெள்ளைக் கோபுரம் நட்டு, உச்சியில் மூன்று இறக்கைகளைப் பொருத்தியிருப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் இறக்கைகள் சுழலும். பக்கத்தில் ஒரு சிறு விளக்கும் எரியும். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் மின்கலமும் மோட்டாரும் இருக்கும். மின்சாரத்தைச் செலவழித்து இறக்கையைச் சுழற்றும் கருவிக்கு மின்விசிறி என்றுதான் பெயர். காற்றாலை செய்வது இதற்கு நேர்மாறான வேலை. மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைச் செய்த மாணவரின் மனத்தில் காரணமும் விளைவும் இடம் மாறிப் பதிந்துவிடுகின்றன.

இங்கே விளக்கப்படும் காற்றாலை, தொடக்கத்தில் எந்த விளக்கையும் எரிக்காது. காற்று வீசும்போது ஒரு நூலைச் சுற்றி, அதில் தொங்கும் காகிதக் கப்பையும் அதிலுள்ள நாணயங்களையும் மேலே தூக்கும். விளக்கு எரிவதைக் காட்டிலும் எடை உயர்வதையே முதலில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எடையைக் குழந்தை கையில் வாங்கிப் பார்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம், தராசில் நிறுத்துப் பார்க்கலாம். மின்னோட்டத்தை அப்படித் தொட்டு அறிய முடியாது. நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துச் செய்யலாம். அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்பிக்கும் வானவில் மன்றச் செயல்பாடுகளுக்கும் இது பொருந்தும்.

காலம் பற்றி ஒரு சொல். காவிரிப் படுகையில் இதற்கு ஏற்றது ஆனி, ஆடி மாதங்கள். மேட்டூர் அணை திறந்து, குறுவை நடவு முடிந்திருக்கும் அந்த நாள்களில் மேல்காற்று விட்டு விட்டு வலுவாக வீசும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சற்று மிகையானாலும், அட்டை இறக்கைகள் சுற்றுவதற்கு அதில் குறைவிருக்காது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் வெயில் காலத்தில் பிற்பகலில் கடற்காற்று எழும் என்பதால், அங்கே கடைசிப் பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை குறுக்கிடும். அப்போது வகுப்பறைக்குள் டேபிள் ஃபேனை வைத்துச் செய்துகொள்ளலாம்.

முதலில் முறம்

காற்றாலையைச் செய்யத் தொடங்குவதற்கு முன், ஒரு பாடவேளையைத் தூற்றுவதற்கு ஒதுக்குங்கள். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லையும் வைக்கோலையும் பிரித்துக் கொடுத்துவிடுவதால், களத்தில் காற்றுக்குக் காத்திருந்து தூற்றியதைப் பார்த்த பிள்ளைகள் குறைவு. வீட்டில் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்து செய்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

பதர் கலந்த நெல் இரண்டு படி, ஒரு முறம், தரையில் விரிக்க ஒரு பழைய வேட்டி ஆகியவை போதும். காற்று வரும் திசைக்குப் பக்கவாட்டில் நின்று, முறத்தைத் தோளுயரத்தில் பிடித்து, நெல்லைச் சிறிது சிறிதாகச் சரியவிட வேண்டும். மணி ஏறத்தாழ நேர்கீழே விழும். பதர் இரண்டு மூன்று அடி தள்ளிப் போய் விழும். இரண்டும் விழுந்த இடங்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்.

பிறகு கேள்வி கேட்க வேண்டும். இரண்டையும் கீழே இழுத்தது எது? புவியீர்ப்பு விசை என்று பெரும்பாலும் உடனே சொல்லிவிடுவார்கள். பக்கவாட்டில் தள்ளியது எது? காற்று. அப்படியானால் காற்று பதரை மட்டும் தள்ளியதா, மணியைத் தள்ளவில்லையா? இந்தக் கேள்வியில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். மணிக்கும் பதருக்கும் உருவ அளவில் அதிக வேறுபாடு இல்லை. ஆகவே காற்று இரண்டின்மீதும் கிட்டத்தட்ட ஒரே அளவு விசையைத்தான் செலுத்துகிறது. ஆனால் முற்றிய நெல்மணிகள் ஆயிரத்தை நிறுத்தால் ரகத்தைப் பொறுத்துச் சுமார் 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். அதே எண்ணிக்கையுள்ள பதரின் எடை அதில் ஒரு சிறு பங்குதான். ஒரே விசை, நிறை குறைந்த பொருளின் வேகத்தை அதிகமாக மாற்றும் என்ற நியூட்டனின் இரண்டாம் விதி, சூத்திரம் எதுவும் இல்லாமல் வேட்டியின்மேல் இரண்டு குவியலாகக் கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் அந்தச் சூத்திரத்தைச் சந்திக்கும்போது அவர்களுக்கு இந்தக் குவியல்கள் நினைவுக்கு வந்தால் போதும்.

அன்றைக்கே ஓலைக் காற்றாடியையும் செய்துவிடலாம். இரண்டு பனையோலைத் துண்டுகளைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் அடியை ஒரு குச்சியில் செருகினால் காற்றாடி தயார். காற்றே இல்லாத இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். காற்று அசையாமல் நிற்க, காற்றாடி நகர்ந்தாலும் சுழற்சி ஏற்படுகிறது. காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள சார்பு இயக்கமே முக்கியம் என்பதை ஓடிக் களைத்த பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் கருத்து இறக்கைச் சாய்வைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

தேவையான பொருள்கள்

ஒரு குழுவுக்கு வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று, அதை நிரப்ப மணல், சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட நேரான போக்ஸ் கம்பி (சக்கரத்தின் ஆரக் கம்பி) ஒன்று, அதன் நிப்பிள், பழைய ரப்பர் செருப்பு ஒன்று, தென்னை விளக்குமாற்றிலிருந்து எடுத்த தடித்த ஈர்க்குச்சிகள் பத்துப் பன்னிரண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், கம்பி தளர்வாக நுழையும் அளவுள்ள பேனாக் குழாய் அல்லது தடித்த ரீஃபில், துளையுள்ள பாசிமணி இரண்டு, தையல் நூல், செல்லோ டேப், டீக்கடைக் காகிதக் கப், பாகைமானி, ஒரே வகை ஒரு ரூபாய் நாணயங்கள் இருபது. கல்யாணப் பத்திரிகையைச் சொல்வதற்குக் காரணம், சார்ட் அட்டையைவிட அது விறைப்பானது. வீட்டில் சும்மா கிடப்பது. போக்ஸ் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேனாக் குழாயைத் தேர்ந்தெடுங்கள். குழாய் இறுக்கமாக இருந்தால் சுழலாது. மிகத் தளர்வாக இருந்தால் கம்பி ஆடும்.

செருப்பு அறுப்பதையும் துளையிடுவதையும் பெரியவர்கள் செய்துகொடுக்க வேண்டும். மற்ற எல்லா வேலைகளையும், கோணலாக வந்தாலும், பிள்ளைகளே செய்ய வேண்டும்.

செய்யும் முறை

செருப்பின் அடியிலிருந்து ஐந்து செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் நடுக்குடம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரங்கள் வந்து சேரும் கட்டைக்கும் குடம் என்றே பெயர் என்பதால், பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லையே கொடுத்துவிடலாம். வட்டத்தின் விளிம்பைப் பேனாவால் பன்னிரண்டு சம பாகங்களாகக் குறித்து, ஒவ்வொரு குறியிலும் கோணூசியால் மையத்தை நோக்கி ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குத் துளையிடுங்கள். பன்னிரண்டு துளைகள் இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எத்தனை இறக்கைகளை வேண்டுமானாலும் சம இடைவெளியில் செருகலாம்.

இறக்கைக்கு, பத்திரிகை அட்டையைப் பத்து செ.மீ. நீளமும் நான்கு செ.மீ. அகலமும் உள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஓர் ஈர்க்குச்சியை டேப்பால் ஒட்டுங்கள். தடித்த அடிப்பகுதி நான்கு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் ரப்பரில் செருகப்படும். ஈர்க்கு வளைந்தால் இரண்டைச் சேர்த்து நூலால் கட்டிக்கொள்ளலாம். செருகி முடித்ததும் மையத்திலிருந்து இறக்கை நுனிவரை ஏறத்தாழ 15 செ.மீ. வரும்படி அமையும். ரப்பர் ஈர்க்கைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் விரலால் திருகினால் சாய்வை மாற்றவும் இடம் கொடுக்கும். இந்த ஒரு வசதிக்காகத்தான் செருப்பைத் தேர்ந்தெடுத்தேன். பசையால் ஒட்டிவிட்டால் இறக்கை ஒரே சாய்வில் நின்றுவிடும். பிறகு சோதித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது.

போக்ஸ் கம்பியின் நேரான முனையைக் குடத்தின் மையத்தில் குத்தி இழுத்தால், மறுமுனையிலுள்ள வளைந்த தலை ரப்பரில் வந்து பதியும். அதை அழுத்தி, மேலே டேப் போடுங்கள். வளைந்த தலை ரப்பரில் பதிந்திருப்பதால் குடம் கம்பியைவிட்டுத் தனியாகச் சுழலாது. பின்னர் கம்பியில் ஒரு பாசிமணி, பேனாக் குழாய், இன்னொரு பாசிமணி என்ற வரிசையில் கோத்துக்கொள்ளுங்கள். பாசிமணி அலங்காரத்துக்கு அல்ல. காற்று இறக்கைகளைச் சுழற்றுவதோடு நில்லாமல் பின்னுக்கும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ரப்பர்க் குடம் குழாயின் வாயில் போய் உரசினால் சுழற்சி செத்துவிடும். வழவழப்பான மணி இடையில் இருந்தால் உராய்வு குறையும். ஒரு குழுவை மட்டும் மணி இல்லாமல் செய்யச் சொல்லி, வேறுபாட்டை எல்லோரும் பார்க்கும்படி செய்யலாம்.

குழாய்க்குள் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் வேண்டாம். மார்கழிக் காலையில் அது உறைந்து, உராய்வைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்.

கம்பியின் பின்முனையில் ஓர் அங்குல அகலமுள்ள காகிதப் பட்டையை இறுக்கிச் சுற்றி, ஒரு செ.மீ. விட்டமுள்ள உருளையாக்கி டேப் போட்டு, அதன் பின்னால் நிப்பிளை முறுக்கிவிடுங்கள், உருளை நழுவாது. உருளையில் தையல் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் காகிதக் கப்பைத் தொங்கவிடுங்கள். புட்டியில் மணலை நிரப்பி மூடி, மூடியின் மேல் பேனாக் குழாயைக் கிடையாக வைத்து நன்றாக டேப்பால் கட்டுங்கள். புட்டியை மேசையின் ஓரத்தில், உருளை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால், கப் தரையை நோக்கித் தொங்கும்.

காற்றில் வைப்பதற்கு முன் சமநிலையைச் சோதிக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் குடத்தை மெதுவாகத் திருப்பிவிட்டு, எந்த இறக்கை கீழே வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை கீழே வந்தால் அது மற்றவற்றைவிடக் கனமானது; எதிர்ப்பக்க இறக்கையின் நுனியில் ஒரு ஸ்டேப்ளர் பின்னைக் குத்துங்கள். நுனியில் குத்திய ஸ்டேப்ளர் பின் நன்றாக ஈடுசெய்வதையும், குடத்தின் அருகே குத்திய அதே பின் அவ்வளவாக ஈடுசெய்யாததையும் பார்த்தால், விசையோடு தூரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்ற திருப்புத்திறன் பாடம் அங்கேயே வந்துவிடும்.

சுழலும்போது யாரும் இறக்கைகளின் பக்கவாட்டில் முகத்தை வைத்திருக்கக் கூடாது. ஓர் இறக்கை கழன்றால் அந்தத் திசையில்தான் பறக்கும். முன்னாலோ பின்னாலோ நிற்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் இதைச் செய்யவே கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பிள்ளைகள் ஆர்வத்தில் இறக்கையின் சாய்வையும் எண்ணிக்கையையும் காற்றின் வலுவையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவார்கள். கப் வேகமாக உயர்ந்தது என்றால் எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டேபிள் ஃபேனை ஒரு மீட்டர் தொலைவில், அதன் நடுவும் காற்றாலையின் குடமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி வைத்து, அதை நகர்த்தாமல் சோதனைகளைத் தொடங்குங்கள்.

முதல் சோதனை சாய்வு. நான்கு இறக்கைகளையும் தட்டையான முகம் காற்றுக்கு நேராக இருக்கும்படி திருப்புங்கள். இதைச் சுழியம் பாகை என்று கொள்வோம். காற்று முழு வலுவோடு மோதினாலும் குடம் சுழலாது. விசை பின்னோக்கியே செயல்படுகிறது. பிறகு 90 பாகை, அதாவது விளிம்பு மட்டும் காற்றை எதிர்கொள்ளும் நிலை. காற்று இருபுறமும் வழுக்கிப் போகும், அப்போதும் சுழலாது. இரண்டுக்கும் இடையில் 15, 30, 45, 60 என்று பாகைமானியை வைத்து மாற்றி, ஒவ்வொரு சாய்விலும் எத்தனை நாணயங்கள் வரை தூக்குகிறது என்று எழுதச் சொல்லுங்கள். சாய்ந்த இறக்கை காற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அதற்கு எதிர்த்திசையில் காற்று இறக்கையைத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது.

நின்ற நிலையிலிருந்து எடையை அசைப்பதற்கு 45 பாகையை ஒட்டிய பெரிய சாய்வுகள் உதவும். ஆனால் நூலை அவிழ்த்துவிட்டு வெறுமனே சுழலவிட்டால் 10 முதல் 20 பாகைக்குள்தான் வேகம் அதிகமாக இருக்கும். இந்த முரண்பாட்டைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். நீங்களாகச் சொல்லிவிட வேண்டாம். காரணம் ஓலைக் காற்றாடியில் இருக்கிறது. மழை நேராகப் பெய்தாலும், சைக்கிளில் வேகமாகப் போகிறவரின் முகத்தில் அது சாய்ந்து வந்து அறையும். அதுபோல வேகமாகச் சுழலும் இறக்கைக்குக் காற்று நேர் எதிரிலிருந்து வருவதில்லை, பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே அதற்குக் குறைந்த சாய்வே பொருந்தும். நுனி, அடிப்பகுதியைவிட வேகமாகச் செல்வதால் நுனிக்கு இன்னும் குறைந்த சாய்வு வேண்டும். பெரிய காற்றாலைகளின் இறக்கை அடியிலிருந்து நுனிவரை முறுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

ஃபேனில் ஒரு சிக்கல் உண்டு. அதன் காற்று நேராக வராமல் முறுக்கிக்கொண்டு வருகிறது. இறக்கைகள் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் சாய்த்தால் முடிவு சற்று மாறலாம். இரண்டு பக்கமும் செய்து பார்த்து, ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

அடுத்தது இறக்கைகளின் எண்ணிக்கை. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று கூட்டக் கூட்ட, நின்ற நிலையிலிருந்து தூக்கும் எடை கூடும். வெறுமனே சுழலும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பழைய வகைக் காற்றாலைகளில் தகடுகள் நெருக்கமாக இருப்பதும், மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளில் மூன்றே இருப்பதும் இந்த வேறுபாட்டால்தான். முன்னது தொடக்கத்திலேயே பாரத்தை இழுக்க வேண்டும். பின்னது வேகமாகச் சுழல வேண்டும். இறக்கையின் நீளம், அகலம், நாணயத்துக்குப் பதில் மணல் என்று மற்ற மாற்றங்களைக் குழுக்களே வகுத்துக்கொள்ளட்டும்.

கணக்கு

ஆறாம் வகுப்புக்கு மேலுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கைத் தவிர்க்க வேண்டாம். பத்து நாணயங்களை மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுத்தால், ஒரு நாணயத்தின் நிறை கிடைக்கும்; ஒவ்வொன்றாக நிறுப்பதைவிட இது துல்லியமானது. ஒரு குழுவின் காற்றாலை, கப்போடு சேர்த்து 20 கிராமை 60 செ.மீ. உயரத்துக்கு 6 நொடியில் தூக்கியது என்று வைத்துக்கொள்வோம். செய்த வேலை 0.02 கிலோகிராம், 9.8, 0.6 மீட்டர் ஆகிய மூன்றின் பெருக்கல்: ஏறத்தாழ 0.12 ஜூல். அதை 6 நொடியால் வகுத்தால் திறன் 0.02 வாட்.

இறக்கைகள் வீசும் வட்டத்தின் வழியே எவ்வளவு திறன் வந்தது? 15 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 0.07 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால், நிறை அடர்த்தியில் பாதியையும், பரப்பையும், வேகத்தின் மும்மடியையும் பெருக்க வேண்டும்: 0.6, 0.07, 27. விடை ஏறத்தாழ 1.1 வாட். வந்தது 1.1, எடுத்தது 0.02, நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். மீதி எங்கே போனது என்று தேடச் சொல்லுங்கள்: குழாயின் உராய்வு, ஆடும் கம்பி, தட்டையான அட்டை, இறக்கைகளுக்கிடையே புகுந்து போய்விட்ட காற்று, பின்னால் வழிமறித்து நிற்கும் புட்டி. ஒவ்வொன்றையும் திருத்தி, மீண்டும் அளந்து, நூற்றுக்கு இரண்டை நான்காக்கும் குழு உண்மையான பொறியியலைச் செய்திருக்கிறது.

நூற்றுக்கு நூறு எடுக்க முடியுமா என்று யாராவது கேட்பார்கள். முடியாது. காற்றின் ஆற்றல் முழுவதையும் எடுத்துவிட்டால், அது இறக்கைக்குப் பின்னால் அசையாமல் நின்றுவிடும். பிறகு வரும் காற்றுக்குப் போக வழியிருக்காது. எந்தக் காற்றாலையும் நூற்றுக்கு 59.3 பங்குக்கு மேல் எடுக்க இயலாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இல் கணக்கிட்டுக் காட்டினார்.

வெளியே எடுத்துச் செல்லுதல்

திடலில் வைக்கும்போது காற்றின் வேகத்தை அளக்க எருக்கம் பஞ்சு போதும். வெடித்த எருக்கங்காயிலிருந்து பஞ்சோடு கூடிய விதை ஒன்றை எடுத்து, காற்றின் திசையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பேரை நிறுத்தி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து விடுவித்து, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் நேரத்தைப் பார்க்க வேண்டும். மூன்று நொடியில் பத்து மீட்டர் கடந்தால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3.3 மீட்டர். பல விதைகளை விட்டுச் சராசரி எடுங்கள். தென்னந்தோப்பின் ஓரத்திலும், வயலின் நடுவரப்பிலும், ஆற்றங்கரையின் மேலும் அளந்து ஒப்பிட்டால், மரமும் கட்டடமும் காற்றை எவ்வளவு தடுக்கின்றன என்பது தெரியும். காற்றாலைகளை உயரமான கோபுரத்தில் ஏற்றுவது ஏன் என்ற கேள்விக்கு இதிலேயே விடை உண்டு.

வேகம் இரட்டிப்பானால் திறன் எட்டு மடங்காகிறது. இறக்கையின்மீது காற்று செலுத்தும் விசையோ நான்கு மடங்காகிறது. இந்த இருமடிக் கணக்கை டெல்டாப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயலைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். நொடிக்கு 5 மீட்டர் வேகமுள்ள இதமான காற்று, எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பலகையை ஏறத்தாழ 15 நியூட்டன் விசையோடு, அதாவது ஒன்றரைக் கிலோ எடையளவுக்குத் தள்ளும். புயற்காற்றின் வேகத்தை மணிக்கு 108 கிலோமீட்டர் என்று கொண்டால், அது நொடிக்கு 30 மீட்டர். வேகம் ஆறு மடங்கு, விசை முப்பத்தாறு மடங்கு. அதே பலகையின்மீது 540 நியூட்டன், அதாவது வளர்ந்த ஆள் ஒருவரின் எடை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகள் ஏன் சாய்ந்தன என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு பகுதி விடை. தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். இதைச் சொல்லும்போது அவர்களை மனத்தில் வையுங்கள். பெரிய காற்றாலைகள் பொதுவாக நொடிக்கு 3 மீட்டர் அளவில் சுழலத் தொடங்கி, 25 மீட்டரைத் தாண்டினால் தாமாகவே நின்றுவிடும்படி அமைக்கப்படுவதும் இந்தக் கணக்கால்தான்.

தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்க, நம் ஊர்ப் பக்கம் ஏன் அவற்றைக் காணோம் என்று கேட்காத குழந்தை இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, இடைவெளி உள்ள இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுத்து வெளிவருகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களை ஒட்டித்தான் முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் வட்டாரக் காற்றாலைகள் நிற்கின்றன. டெல்டா அந்தக் கணவாய்களுக்கு வெகு கிழக்கே உள்ள சமவெளி. வேறொரு காலிப் புட்டியின் அடியை வெட்டி, அகன்ற பக்கம் ஃபேனை நோக்கியிருக்கப் பிடித்து, குறுகிய வாயில் எருக்கம் பஞ்சைக் காட்டினால், நெருக்கப்பட்ட காற்று விரைவதைக் காணலாம்.

மின்சாரம், கடைசியாக

எடை தூக்கும் சோதனைகள் முடிந்த பின்னரே மோட்டாரை எடுக்க வேண்டும். மோட்டாரின் அச்சைச் சுழற்றினால் அது மின்னாக்கியாகும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலே அடிப்படை. ஆனால் பொம்மைக் கார் மோட்டாரை நேரடியாக இணைத்து எல்இடி எரியவில்லை என்று பல பள்ளிகளில் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு மோட்டார் 3 வோல்ட்டில் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும் வகையானால், நம் காற்றாலை அதை 300 சுற்று சுற்றும்போது 0.15 வோல்ட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சிவப்பு எல்இடிக்கே ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். வெள்ளைக்கு 3 வோல்ட் அளவில் வேண்டும். ஆகவே முதலில் மல்டிமீட்டரை இணைத்து மில்லிவோல்ட்டில் பார்ப்பதே நேர்மையான வழி.

விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்றால், பழுதுபார்க்கும் கடையில் பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு படிகளாகச் சுழலும் மோட்டார்) ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது மெதுவாகச் சுற்றினாலும் போதிய வோல்ட் தரும். ஆனால் அச்சைத் திருப்பும்போது கட்கட்டென்று தடுக்கும். அதை அசைக்க 30 முதல் 40 செ.மீ. நீளமுள்ள இறக்கைகள் தேவைப்படும். பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து செய்த இறக்கைகள் இதற்குப் பொருந்தும். வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து டேப் போடுங்கள்.

இறக்கைகளைப் பொருத்துவதற்கு முன், அந்த மோட்டாரை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்து, ஒரே சுருளின் இரண்டு கம்பி முனைகளும் தொடாமல் இருக்கும்போது ஒரு முறையும், அவற்றைச் சேர்த்து முறுக்கிவிட்டு இன்னொரு முறையும் அச்சை வேகமாகத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டாம் முறை விரலுக்கு நன்றாகவே கடினமாக இருக்கும். கம்பியில் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும், அந்த மின்னோட்டமே சுழற்சியை எதிர்க்கும் விசையை உண்டாக்குகிறது. அந்த விசையை வெல்லச் செய்யும் வேலைதான் மின்சாரமாக மாறுகிறது. காற்றாலையில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது காற்று. எல்இடியை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் சுழலும் வேகம் மாறுகிறதா என்று கவனித்து, நாணயக் கணக்கு எழுதிய அதே நோட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.